பள்ளிக்கூடத்துக்குப் பிடியரிசி

முன்னாள் மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கேரள எல்லையில், கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்கு அருகே அரசு உதவி பெறும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்று இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் தன் எழுபத்தைந்தாம் ஆண்டைத் தொடப் போகிறது. மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைகிறது. தாளாளரான அருட்தந்தை, பள்ளியின் எதிர்காலத்துக்காக முன்னாள் மாணவர்கள் ஒரு நிதி திரட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். பழைய மாணவர்களில் பலர் வளைகுடாவிலும் இன்னும் பலர் திருவனந்தபுரத்திலும் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, சட்டச் சிக்கல் ஏதும் உண்டா, ஜூபிலிக் கட்டடம் என்று அறிவித்துவிடலாமா என்பவை கேள்விகள்.

இதே விளவங்கோடு வட்டத்தில், இதே போன்றதொரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குப் பதினோரு ஆண்டு பொருளாளராக இருந்தவன் நான். வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்தே எழுதுகிறேன்.

கட்டடத்தை அறிவிக்காதீர்கள். ஜூபிலி என்றதும் நம் ஊரில் முதலில் எழும்புவது ஓர் அலங்கார வளைவு, அதன் பிறகு ஒரு கலையரங்கம், அதன் முகப்பில் கொடையாளர் பெயர் பொறித்த கருங்கல் பலகை. கொடுப்பவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் உங்கள் பள்ளியைக் குறைத்துக்கொண்டிருப்பது இடப் பற்றாக்குறை அல்ல. உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. அந்தப் பணியிடங்களின் எண்ணிக்கையோ பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு தொடக்க வகுப்புகளில் முப்பது பேருக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை முப்பத்தைந்து பேருக்கு ஒருவர். பிள்ளைகள் குறைந்தால் பணியிடம் உபரி என்று கணக்காகி ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போகிறார். ஆசிரியர் போனதும் அந்தப் பாடத்துக்கு ஆளில்லை என்று அடுத்த ஆண்டு இன்னும் பத்துப் பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்தச் சுழலை நிறுத்தத் தேவைப்படுவது மாதந்தோறும் வந்து மாதந்தோறும் செலவாகிற பணம்: நிர்வாகமே ஊதியம் கொடுத்து வைக்கும் இரண்டு மூன்று ஆசிரியர்கள், ஆய்வகத்துக்கு ஒரு உதவியாளர், கழிப்பறையைத் தினமும் கழுவ ஒருவர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேன். எங்கள் பள்ளியை விட்டுப்போன பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு மே மாதம் முழுக்க ஏறி இறங்கிக் கேட்டோம். ஆங்கில வழி, ஸ்மார்ட் வகுப்பு என்றெல்லாம் பதில் வரும் என்று எதிர்பார்த்துப் போன எங்களுக்குப் பெரும்பாலான தாய்மார் சொன்ன பதில், பிள்ளை இப்போது படிக்கிற பள்ளியின் வண்டி வாசலில் வந்து நிற்கிறது என்பதுதான். எதற்குப் பணம் வேண்டும் என்று முடிவு செய்யுமுன் நீங்களும் இப்படி வீடு வீடாகக் கேட்டுவிடுங்கள்.

மாதச் செலவுக்குப் பணம் திரட்ட இரண்டு வழிகள் உண்டு. பெரிய மூலநிதி ஒன்றை வங்கியில் போட்டு வட்டியை எடுப்பது ஒன்று. பலரிடம் சிறு தொகையை மாதந்தோறும் வாங்குவது மற்றது. ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வர ஏறத்தாழ 2.57 கோடி மூலநிதி வேண்டும். அதே 18 லட்சம், முந்நூறு பேர் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் வந்துவிடுகிறது. ஓர் உயர்நிலைப் பள்ளியின் எழுபது ஆண்டுப் பட்டியலில் முந்நூறு பேர் என்பது பெரிய எண் அல்ல. இரண்டரைக் கோடியைக் கனவு கண்டுகொண்டு மூன்று ஆண்டு கூட்டம் போட்ட சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன்; அந்த மூன்று ஆண்டில் பள்ளி இரண்டு வகுப்புப் பிரிவை இழந்திருக்கும்.

இந்தச் சிறு தொகை முறை நம் எல்லைப் பகுதிக்குப் புதிதும் அல்ல. கேரளத்தின் புனித சாவறா குரியாக்கோஸ் எலியாஸ், விகாரி ஜெனராலாக (ஆயருக்கு அடுத்த பொறுப்பில்) இருந்தபோது 1864-இல் தேவாலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஆணையிட்டார் என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியம் சோறு போட்டது வீடுதோறும் சேர்த்த பிடியரிசி என்பதை அவ்வளவு பேர் நினைப்பதில்லை. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வீட்டுக்காரி தனிக்கலத்தில் போட்டு வைப்பாள். அந்தப் பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் பசி வந்ததில்லை. தமிழ்நாட்டின் பக்கம் பார்த்தால், காமராசர் முதல்வராக இருந்தபோது 1958-இல் தொடங்கி ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதன் சாயல் உண்டு. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பொருள் பொருளாகப் பட்டியல் போட்டார்கள். ஒருவர் மணி கொடுத்தார், ஒருவர் பெஞ்சு கொடுத்தார், முடிந்தவர் நிலம் கொடுத்தார். உங்கள் பட்டியலிலும் "வேன் டீசல், ஒரு நாளைக்கு இவ்வளவு" என்று ஒரு வரி இருக்கட்டும். எங்கள் சங்கத்தில் அதிகம் பேர் தெரிந்தெடுத்த வரி அதுதான்.

அடுத்தது, பள்ளி சட்டப்படி யாருடையது என்பது. இதை எல்லோரும் தெரிந்ததாகவே நினைத்துக்கொள்கிறார்கள். நம் மாவட்டத்தில் அது அவ்வளவு எளிதல்ல. இங்கே கத்தோலிக்கருக்குள்ளேயே மூன்று வழிபாட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் தனி மறைமாவட்டம். இலத்தீன் முறைக்குக் கோட்டாறு, 2014-இல் அதிலிருந்து பிரிந்த குழித்துறை. சீரோ மலபாருக்குத் தக்கலை, சீரோ மலங்கரைக்கு மார்த்தாண்டம், இரண்டும் 1996-இல் உருவானவை. இவை போதாதென்று, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி முதலிய கடலோர ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கன்னியர் நடத்தும் பள்ளியென்றால் அவர்களின் தலைமை இல்லம் கேரளத்திலோ அதற்கு அப்பாலோ இருக்கும். ஆக, உங்கள் பள்ளியின் பெயரில் வரும் பணத்தை வாங்கும் உரிமையுள்ள சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இருக்கலாம், 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தின் கீழும் இருக்கலாம். பதிவுச் சான்றிதழ், நிரந்தரக் கணக்கு எண், வருமான வரிப் பதிவு ஆகிய மூன்றின் நகலையும் தாளாளரிடம் கேட்டு வாங்கிப் படித்த பிறகே மற்ற பேச்சு. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். எங்கள் தாளாளருக்கே அவை எங்கே இருக்கின்றன என்று தெரிய இரண்டு வாரம் ஆயிற்று.

அதோடு ஆயரின் எழுத்து அனுமதியையும் வாங்குங்கள். இது வெறும் மரியாதைக்காக அல்ல. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1265-ஆம் விதி, திருச்சபை நிறுவனத்துக்காகத் தனியாட்கள் நிதி கேட்க எழுத்து வழி அனுமதி வேண்டும் என்கிறது. இலத்தீன் முறைப் பள்ளியாக இருந்தால் இந்தத் தொகுப்பே பொருந்தும். சீரோ மலபார், சீரோ மலங்கரை ஆகிய கீழை முறையினருக்குத் தனித் தொகுப்பு உண்டு. அதே தொகுப்பில் 1267-ஆம் விதி உங்களுக்குத் துணை நிற்கிறது: ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும். வேனுக்கு வாங்கிய பணத்தில் கெபி (மாதா சிலைக்கான குகை) கட்டலாமா என்று யாராவது கேட்கும் நாள் வரும், கட்டாயம் வரும். அன்றைக்கு வாக்குவாதம் செய்யாமல் இந்த விதியின் எண்ணை மட்டும் சொல்லுங்கள். அருட்தந்தையர் ஐந்தாண்டுக்கொரு முறை மாறுகிறவர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டம் இருக்கும்; அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதற்காகத்தான், ஒரு தாளாளர் இருக்கும்போதே நோக்கத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்கிறேன்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். யாருடைய சொந்த எண்ணுக்கும் ஜிபே வாங்காதீர்கள், ஒரு வாரத்துக்குக்கூட. எங்கள் பகுதியில் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்கள், சங்கப் பதிவு முடியும்வரை என்று சொல்லி, நேர்மைக்குப் பெயர்போன ஒரு நண்பரின் சேமிப்புக் கணக்கில் பணம் சேர்த்தார்கள். பதிவு இழுத்துக்கொண்டே போயிற்று. ஓர் இரவு அவர் மாரடைப்பில் இறந்துபோனார். பணம் வங்கியில் இருந்தது, ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் அது அவருடைய மனைவி பிள்ளைகளின் வாரிசுரிமைச் சொத்தாகிவிட்டது. வாரிசுச் சான்றிதழ் வந்து, மகனின் கையெழுத்தும் வந்து, பணம் பள்ளிக்குப் போய்ச் சேர ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த ஓராண்டில் அவரைப் பற்றி டீக்கடைகளில் பேசப்பட்டதை அவருடைய மனைவியும் கேட்டார். என்னிடம் அந்த அம்மா கொண்டுவந்து காட்டிய சிறு நோட்டில், யார் எந்தத் தேதியில் எவ்வளவு தந்தார் என்று சிவப்பு மையில் ஒவ்வொரு வரியாக எழுதப்பட்டிருந்தது; கடைசி வரி கணவர் இறந்த நாளுக்கு முந்தின மாலை.

ஆகவே பள்ளிச் சங்கத்தின் பெயரில், இந்த நிதிக்கென்றே தனி வங்கிக் கணக்கு. தாளாளர் ஒரு கையெழுத்து, முன்னாள் மாணவர் ஒருவர் இன்னொரு கையெழுத்து. மாதத் தொகைக்கு யுபிஐ ஆட்டோபே போதும். 15,000 ரூபாய்க்குள் உள்ள தொகை மாதந்தோறும் மறுபடி ரகசிய எண் கேட்காமல் தானாகப் போய்விடும். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் வரவு, செலவு, கையிருப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் எல்லோருக்கும் போக வேண்டும். வரவு குறைந்த மாதமும் அனுப்ப வேண்டும். குறைந்த மாதத்தில் அனுப்பியதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பலர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஜூன், ஜூலையில் வரவு குறையும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் ரப்பர் வெட்டு நின்றால் குலசேகரம் பக்கத்தாரின் தவணை நிற்கும். அவர்களை நினைவூட்டித் தொல்லை செய்ய வேண்டாம், வெயில் வந்ததும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் கடலோரத்துப் பழைய மாணவர்களும் அப்படித்தான், கரைக்கு வந்த பிறகே தருவார்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றித்தான் அதிகம் பேர் பயப்படுகிறார்கள், தவறான இடத்தில் பயப்படுகிறார்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 பார்ப்பது பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதையோ எந்த நாணயம் என்பதையோ அல்ல. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. துபாயிலும் தம்மாமிலும் முப்பது ஆண்டு உழைத்தாலும் நம்மவர் இந்தியக் கடவுச்சீட்டோடுதான் இருக்கிறார். அவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. செவிலியராக இங்கிலாந்துக்கோ அயர்லாந்துக்கோ போய் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் வகுப்புத் தோழி, கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். விடுமுறைக்கு வந்து பள்ளி அலுவலகத்தில் இந்திய ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். பணமாக அல்லாமல் பத்துக் கணினி வாங்கி இறக்கினாலும் அப்படியே. அதே போல, வளைகுடாவில் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து வசூலித்து அங்குள்ள அமைப்பின் பெயரில் மொத்தமாக அனுப்புவதும் கூடாது. ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும்.

பள்ளியை நடத்தும் சங்கத்துக்கு இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு இருந்தால் வழி உண்டு. அந்தப் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள குறித்த கணக்குக்கே முதலில் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எனவே மறைமாவட்டத்தின் வேறொரு சங்கம் வாங்கிப் பள்ளிக்குத் தரட்டும் என்ற யோசனை இனி நடவாது. பதிவு இல்லையென்றால் அந்தத் தோழியிடம் பணம் கேட்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் காணொளியில் ஆங்கிலம் பேசச் சொல்லுங்கள். உறவினர் கணக்குக்கு அனுப்பி அவர் வழியாகக் கொடுப்பது என்ற கெட்டிக்காரத்தனம் வேண்டவே வேண்டாம். சிக்கினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்த உறவினரும் பள்ளியும்.

வரிச் சலுகையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதை நம்பி யாரும் கொடுப்பதில்லை. 80ஜி பதிவு (1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக் கழிவுக்கான பிரிவு எண் அது) இருக்கும் சங்கத்துக்குக் கொடுத்தால், வருமானத்தில் பத்து சதவீத வரம்புக்குள், கொடுத்ததில் பாதிக்குக் கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இல்லை. ஒரே ஒரு சமயத்தாரின் நலனுக்கென்று எழுதப்பட்ட அறக்கட்டளைக்கு இந்தப் பதிவு கிடைக்காது. பங்கின் (ஊர்த் தேவாலயத்தின்) கணக்கில் பள்ளிப் பணத்தை வாங்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களை உங்கள் தணிக்கையாளரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயரில்லாத நன்கொடையை மட்டும் வாங்காதீர்கள்: முற்றிலும் சமய நோக்கமுள்ள அறக்கட்டளையின் உண்டியலுக்கு விலக்கு உண்டு, ஆனால் பள்ளிக்கென்று வாங்கும் பெயரற்ற தொகைக்கு, ஒரு வரம்புக்கு மேல், 30 சதவீத வரி. கொடுத்தவர் தன் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் கல்லில் பொறிக்காமல் விடுங்கள். ரசீதில் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தவர்களில் கணிசமானோர் இந்துக்கள், இஸ்லாமியர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) காரர்கள். ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பதோடு நிறுத்தினால் அவர்கள் காதுக்கு இது எட்டவே எட்டாது. எங்கள் நிதிக்கு முதல் பத்து ஆட்டோபே தந்தவர்களில் நான்கு பேர் தேவாலய வாசலையே மிதிக்காதவர்கள். ஏழாம் வகுப்பில் கணக்கு சொல்லித்தந்த ஓர் அருட்சகோதரிக்காகக் கொடுத்தோம் என்றார்கள்.

முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் நீண்ட வேலை: பெயர்ப்பட்டியல். வாட்ஸ்அப் குழுக்களை வைத்துப் பட்டியல் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது கடைசி இருபது ஆண்டு, அதிலும் பெரும்பாலும் ஆண்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள். எங்கள் பதிவேட்டின் முதல் தொகுதியைத் திறந்தபோது இளையவர்கள் திகைத்துப் போனார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தாய்த் தமிழகத்தோடு இணையும்வரை நம் வட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், அந்தப் பக்கங்கள் மலையாளத்தில் இருந்தன. பிறந்த தேதி கொல்லம் ஆண்டில் (மலையாள நாட்காட்டியில்) இருந்தது. 1118 சிங்ஙம் என்று இருந்தால் 824-ஐக் கூட்டி 1942 ஆகஸ்டு-செப்டம்பர் என்றும், 1118 மீனம் என்று இருந்தால் 825-ஐக் கூட்டி 1943 மார்ச்-ஏப்ரல் என்றும் கொள்ள வேண்டும். தகப்பன் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் இருக்கும், ஏதாவதொரு விளை, ஏதாவதொரு வீடு. ஆளைக் கண்டுபிடிக்க உதவுவது அந்தப் பெயர்தான்.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். திருமணமாகிப் போனதும் தலைப்பெழுத்து மாறிவிடும், ஊர் மாறிவிடும், பள்ளியில் ஒரு தடமும் இராது. கத்தோலிக்கப் பெண்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. ஒருவர் எந்தப் பங்கில் மணம் முடித்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில், அவர் பெயருக்கு நேரே ஓரத்தில், குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. பங்குத்தந்தையின் அனுமதியோடு, அவரே பார்த்துச் சொல்ல, அந்த ஓரக்குறிப்புகளிலிருந்து நாங்கள் தேடிப் பிடித்தவர்களில் நெய்யாற்றின்கரையில் இருந்து வந்த ஓர் அம்மையார், பள்ளியை விட்டு நாற்பத்தாறு ஆண்டு கழித்து ஒருவர் தன்னைத் தன் தகப்பனாரின் தலைப்பெழுத்தோடு கூப்பிட்டதைக் கேட்டுத் தொலைபேசியிலேயே சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவரிடம் நாங்கள் அன்று பணம் கேட்கவில்லை. மூன்று மாதம் கணக்குத்தாள் மட்டும் அனுப்பினோம். நான்காம் மாதம் அவரே ஆட்டோபே எப்படிப் போடுவது என்று பேரனை விட்டுக் கேட்டார். மற்றச் சமயத்துப் பெண்களுக்கு அந்தந்த ஆண்டு வகுப்புத் தோழிகளின் நினைவை விட்டால் வேறு பதிவேடு இல்லை. ஆண்டுக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக்கி அந்த நினைவை எழுதி வாங்குங்கள்.

மலையாளத்தில் உள்ள அந்த முதல் சில ஆண்டுப் பக்கங்களுக்கு, எழுத்தை வாசிக்கவும் வீட்டுப் பெயரைக் கேட்டதும் ஆளைச் சொல்லவும் தெரிந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். வருகிற சனிக்கிழமையே தலைமையாசிரியர் அறையில் இரண்டு நாற்காலி போட்டு, அவர்களில் ஒருவரை ஆட்டோ அனுப்பி அழைத்து வந்து, எழுதிக்கொள்ள ஓர் இளையவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வளைகுடாக்காரர்கள் ஜூலை விடுமுறைக்கு வரும்போது முதல் ஐந்து ஆண்டின் பட்டியலாவது கையில் இருக்கும்.